நாற்பதாவது ஆசிரியர்

"காரணம் எதுவும் சொல்ல வேண்டாம் சார். முதல்ல கையெழுத்து, அப்புறம் உட்காருங்க."

கலைமதி வருகைப் பதிவேட்டை நீட்டினாள். வகுப்பறை வாசலில் நின்றவருக்கு மூச்சு வாங்கியது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மேடம், நான் வந்து..."

"மருங்காபுரியிலேர்ந்துதானே?"

"ஆமாங்க, அங்க முடிச்சுட்டு நேரா இங்கதான் வரேன். ஆனா..."

"ஆனா கீனா எல்லாம் அப்புறம். மணி பதினொண்ணு ஆகப்போகுது!"

நாற்பது ஆசிரியர்கள் வர வேண்டிய பயிற்சி. முப்பத்தொன்பது பேர் காலையிலேயே ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்துவிட்டார்கள். மருங்காபுரி ஒன்றியத்துக்கு எதிரே மட்டும் கட்டம் காலியாக இருந்தது. அவள் அங்கே விரலை வைக்க, அவர் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு சட்டைப் பையிலிருந்து மடித்த மஞ்சள் தாள் ஒன்றை எடுத்தார்.

"ஹெச்.எம். கொடுத்த ஆர்டர்தானே? கடைசியில எல்லார்கிட்டயும் சேர்த்து வாங்கிக்கறேன்" என்று அவரை உட்கார வைத்து, கதவைத் தாழ் போட்டாள்.

அவள் பதற்றம் அவளுக்கு. ஆறாம் வகுப்புக்குப் புதுக் கணக்குப் பாடம் வருகிறது. அதைப் பிள்ளைகளுக்கு எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரும் பொறுப்பு அவளுக்கு இதுதான் முதல் தடவை. கல்வி அதிகாரி ஷரபுன்னிசா நோட்டும் பேனாவுமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"இது எடுபடலேன்னா, நாளையிலேர்ந்து பழையபடி புத்தகத்தை வாசிச்சுக் காட்டறவங்களையே கூப்பிட்டுக்குவேன் கலைமதி" என்று காலையிலேயே சொல்லிவிட்டார். மூன்று மாத உழைப்பு இந்த ஒரு மணி நேரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கரும்பலகையில் ஆறு புள்ளிகள். இடையே கோடுகள், கோடுகளின் மேல் கிலோமீட்டர் எண்கள்.

"ஒரு புள்ளியில கிளம்பி, எல்லாப் புள்ளிக்கும் போயிட்டு, கிளம்பின இடத்துக்கே திரும்பணும். எது நல்ல வழி? புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்!"

புரியவில்லை என்ற வார்த்தையைத் தினமும் காதால் கேட்பவர்கள் ஆசிரியர்கள். ஆனால் அவர்கள் வாயிலிருந்து அது லேசில் வராது. முன்வரிசை மார்ட்டின் சார் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார். அதிகாரி நோட்டில் என்னவோ எழுதினார்.

"எனக்குப் புரியலீங்க."

மருங்காபுரிக்காரர்தான். எழுந்தவர், பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எது புரியல சார்?"

"வெறும் புள்ளிக்கு எதுக்குங்க போகணும்? ஊர்ப் பேரு போடுங்க. கிளம்பறது ஸ்ரீரங்கம். அப்புறம் சத்திரம், உறையூர், பாலக்கரை, காந்தி மார்க்கெட், திருவானைக்காவல்."

அவள் எழுதினாள். மார்ட்டின் சார் விழித்துக்கொண்டார்.

"இவ்வளவுதானா? சத்திரத்தை விட்டா அடுத்தது காந்தி மார்க்கெட். அதுதான் கிட்ட!"

"கிட்டதாங்க சார். ஆனா காலையில காய்கறி லாரி நிக்கிற நேரத்துல உள்ள மாட்டினா, ஒரு மணி நேரம் அம்பேல். உறையூர், பாலக்கரை எல்லாம் முடிச்சுட்டு மத்தியானமா மார்க்கெட்டுக்குப் போகணும். அப்படியே சஞ்சீவி நகர் பக்கமா பாலம் ஏறினா திருவானைக்காவல். மேடம், கோட்டு மேல கிலோமீட்டருக்குப் பதிலா நிமிஷத்தைப் போட்டுப் பாருங்க. வழியே மாறிடும்!"

கலைமதி சாக்பீஸும் கையுமாக நின்றாள். இரண்டாம் நாள் பயிற்சியில் அவள் சொல்ல வைத்திருந்த விஷயம் அது.

அதற்குப் பிறகு வகுப்பு அவள் கையில் இல்லை. மார்ட்டின் சார் ஓடி வந்து சாக்பீஸைப் பிடுங்கி, "உறையூர்க்காரன் எனக்கே வழி சொல்றீங்களா?" என்று புதுக் கோடு போட்டார். "அந்தத் தெரு ஒன்வே சார்!" என்று நாலு பேர் கத்தினார்கள். "நெசமா சொல்றேன், எனக்கும் இப்பத்தான் புரியுது" என்று ஒரு டீச்சர் ஒப்புக்கொள்ள, ஒவ்வொருவராக ஆமாம் போட்டார்கள். கடைசியில் அதிகாரியே எழுந்து, "வைகுண்ட ஏகாதசி அன்னைக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது!" என்றதும் அறையே சிரிப்பில் அதிர்ந்தது.

நடுவில் இரண்டு தடவை மருங்காபுரிக்காரர் கதவுப் பக்கம் நகர்ந்தார். இரண்டு தடவையும் கலைமதி மறித்தாள்.

"இப்ப நீங்க போயிட்டா வகுப்பே படுத்துடும். உட்காருங்க சார்!"

மணி அடித்தது. ஷரபுன்னிசா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"மத்த ஒன்றியத்துக்கும் நீங்களே இதை எடுங்க கலைமதி. அந்த சாரையும் விட்டுடாதீங்க. மாநிலப் பயிற்சிக்கு அவர் பேரை அனுப்பறேன்."

கலைமதிக்குக் கண் கலங்கிவிட்டது. நேராக அவரிடம் போய்க் கைகூப்பினாள்.

"என் மானத்தைக் காப்பாத்தினீங்க சார். உங்க சர்வீஸ் எத்தனை வருஷம்?"

"இருபத்திரண்டு வருஷம் ஆச்சுங்க."

"எந்த ஸ்கூல்?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, மஞ்சள் தாளை ஒருவழியாகப் பிரித்து நீட்டினார்.

"எல்லா ஸ்கூலுக்கும்தான் போறேங்க. வாசல்ல லாரியில புதுப் புத்தகம் நாப்பது கட்டு கிடக்கு, இதுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா இறக்கிட்டுக் கிளம்பிடுவேன்."