நாற்பத்தொரு நாள் குழி

காற்று ஓய்ந்து கதவைத் திறந்தபோது, தெருவில் எங்கள் ஆரஞ்சு மரம் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது.

மற்ற மரங்களெல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தன. வேர்கள் ரொட்டிக்கல்லைப் போலத் தட்டையாக இருந்தன.

எங்கள் சோனோராப் பாலைநிலத்தில் ஒரு முழம் தோண்டினால் சுக்கான் பாறை. கலிச்சே என்போம். சுண்ணாம்பு இறுகிய வெள்ளைத் தளம். அதை உடைக்காமல் நட்டால், மரத்தைத் தட்டில் வைத்த மாதிரிதான்.

எதிர்வீட்டு எலுமிச்சை அவர்களுடைய வெளிக்கதவின் மேலேயே விழுந்து, கதவைப் பெயர்த்திருந்தது. அந்த வீட்டு லிப்ராதா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு நாளாக அந்தக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். அவள் புருஷன் அபுந்தியோ குடிக்காமல் இருப்பது இன்று மூன்றாவது நாள். தெருமூலையிலுள்ள பீர்க் கடை பத்து மணிக்குத் திறக்கும்.

அவன் படியில் உட்கார்ந்திருந்தான். கையில் காப்பி நடுங்கியது.

"உங்க மரத்த மட்டும் எந்தச் சாமி பிடிச்சுக்கிட்டுச்சு, ஒஃபேலியா?" என்றாள் லிப்ராதா.

"சாமியாவது! பெருச்சாளி தோண்டின கிணத்துல முளைச்ச மரம். எப்படி விழும்?" என்றான் அபுந்தியோ.

பெருச்சாளி என்பது என் கணவர் கூகோவுக்கு அவன் வைத்த பெயர். ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஒரே ஒரு மரக்குழியைக் கூகோ நாற்பத்தொரு நாள் தோண்டினார். அபுந்தியோ பீரோடு வேலியில் சாய்ந்துகொண்டு தினமும் கேட்பான்: "டேய் பெருச்சாளி, மரம் நடுறியா, கிணறு வெட்டுறியா?"

எங்கள் பக்கத்து வழக்கம் எளிது. பகலெல்லாம் தோண்டி, பொழுது சாய்ந்ததும் குழியில் தண்ணீர் நிரப்ப வேண்டும். காலையில் தண்ணீர் வற்றியிருந்தால் பாறை உடைந்துவிட்டது. நின்றிருந்தால் மறுபடி தோண்ட வேண்டும்.

கூகோ எங்கள் வீட்டுக்குள் போய்க் கடப்பாரையை எடுத்து வந்து, புதுக் கன்று நட எலுமிச்சை பெயர்ந்த இடத்தைக் காட்டினார்.

"எதுக்குடா இது? மெஷின் வச்சா பத்து நிமிஷம்," என்றான் அபுந்தியோ.

"தெரியும். அதான் வேணாங்கறேன்."

மூலையில் ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது.

அபுந்தியோவின் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியது. அந்தத் திரும்பலை எனக்குத் தெரியும். என் வீட்டிலும் ஒரு மூன்றாவது நாள் இருந்தது. அன்று திரும்பியது கூகோவின் கழுத்து.

கூகோ கடப்பாரையை அவன் கையில் திணித்தார். "அடி."

ணங்கென்றது. வெள்ளைச் சில்லுகள் பறந்தன. அபுந்தியோ பாறையின் அம்மாவைத் திட்டிவிட்டு மறுபடி அடித்தான்.

கூகோ லிப்ராதாவிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "நாளையிலேருந்து அவனுக்கு முன்னாடி நீ எந்திரி. ரெண்டு வாளி தண்ணி பக்கத்துலயே வச்சுக்க. குழி வத்தியிருந்தா, சத்தமில்லாம ரொப்பிடு."

லிப்ராதாவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் மரத்தைப் பார்த்தேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், தோண்டத் தொடங்கிய இருபதாம் நாள் விடியலில் எங்கள் குழி வற்றிக் கிடந்தது. பாறையில் எங்கோ விரிசல் விட்டிருந்தது. கூகோ எழுந்திருப்பதற்குள் வாளி வாளியாக ஊற்றினேன். அன்றிலிருந்து தினமும் ஊற்றினேன். அவரும் தினமும் அதை இறைத்துவிட்டு, பாறையைச் சபித்துக்கொண்டே தோண்டினார்.

நாற்பத்தோராம் நாள் சாப்பிடும்போது அவர் கை நடுங்கவில்லை. மறுநாள் நான் ஊற்றவில்லை.

அவருக்குத் தெரியாது என்றே இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.