விசிறி சுற்ற வேண்டும்

இரண்டு போர் விமானங்கள் எதிரெதிரே பாய்ந்து வந்து, மயிரிழையில் விலகி, ஆளுக்கொரு திசையில் பறந்தன.

கூட்டம் காதைப் பொத்திக்கொண்டது. கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் தன் குட்டி ஏணியில் நின்றபடி அதற்குள் படம் எடுத்து முடித்திருந்தார்.

பக்கத்து ஏணியில் நின்ற பல் டாக்டர் அவருடைய கேமராத் திரையை எட்டிப் பார்த்தார். விமானிகள் இருவரின் தலைக்கவசமும் பளிச்சென்று தெரிந்தது. விமானக் கண்காட்சிக்கு டாக்டர் வருவது இதுதான் முதல் தடவை. அவருடைய விலை உயர்ந்த கேமராவில் இதுவரை வெறும் வானம்தான் சிக்கியிருந்தது.

“கையா சார் இது, கல்லா?”

கண்ணாடிக்கடைக்காரர் வெட்கத்தோடு சிரித்தார். கடுகளவு திருகாணியை மூக்குக்கண்ணாடியில் முடுக்குகிற கை அது. வேலியோரம் நின்ற பழைய கூட்டாளிகளும் சிரித்தார்கள். அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று டாக்டருக்குப் புரியவில்லை.

அடுத்தது மஞ்சள் விமானம். அடுக்கு இறக்கை, கூரையில்லாத இருக்கை, மூக்கில் மர விசிறி. ஓட்டுகிற பைலட்டைவிட வயதில் மூத்தது. அந்த பைலட்டுக்கு இதுதான் கடைசிக் கண்காட்சி என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லியே ஒலிபெருக்கிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அந்த பைலட் ஓட்டும்போது அந்த விமானத்தை உருப்படியாக ஒரு படம் எடுக்க வேண்டும். கண்ணாடிக்கடைக்காரர் வந்ததே அதற்குத்தான். இத்தனை வருடம் வந்தும் வாய்க்கவில்லை. இன்று விட்டால் விட்டதுதான்.

விசிறி வைத்த விமானத்தில் ஒரு சங்கடம் உண்டு. போர் விமானத்துக்கு வைக்கிற ஷட்டர் வேகத்தையே இதற்கும் வைத்தால் படம் கத்திபோல் வரும். ஆனால் சுற்றுகிற விசிறியும் சிலைபோல் நின்றுவிடும். நடுவானத்தில் எஞ்சின் அணைந்துபோனது போல இருக்கும். வேகத்தைக் குறைத்தால் விசிறி அழகாகச் சுற்றும். ஆனால் கை இம்மி அசைந்தாலும் படம் கூழ்.

ஒரு வருடம் அவர் வேகத்தை மாற்ற மறந்துவிட்டார். அவர் எடுத்ததிலேயே துல்லியமான படம் அதுதான். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தவர், விசிறி நிற்பதைக் கண்டதும் அந்தக் கணமே அழித்துவிட்டார். கூட்டாளிகள் இன்றுவரை அதற்குத் திட்டுகிறார்கள்.

மஞ்சள் விமானம் மேலே ஏறியது. அவர் வேகத்தைக் குறைத்து, அதோடேயே உடம்பைத் திருப்பிப் படம் எடுத்தார். கை ஆடியது.

விமானம் குட்டிக்கரணம் போட்டது. தலைகீழாகத் திரும்பிப் போனபோது கண்ணாடிக்கடைக்காரர் கண்ணையே மூடிக்கொண்டார்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். திரையில் மஞ்சளாக எதுவோ கொட்டிக் கிடந்தது.

“ஜெட்டுக்கு ஆடாத கை இதுக்கு ஏன் சார் ஆடுது? பேசாம ஸ்பீடை ஏத்துங்க. விசிறி நின்னா நின்னுட்டுப் போகட்டும்.”

“அதை மட்டும் சொல்லாதீங்க” என்றார் கண்ணாடிக்கடைக்காரர். முகம் வெளுத்திருந்தது.

விமானம் இறக்கையை ஆட்டி விடைபெற்றது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இனி இப்படி ஓட்ட யார் இருக்கிறார்கள் என்று யாரோ மூக்கைச் சிந்தினார்கள். கண்ணாடிக்கடைக்காரருக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள்.

சக்கரம் தரையைத் தொட்டது. விமானம் ஒரு குதி குதித்து, புல்லில் ஓடி வந்தது.

கண்ணாடிக்கடைக்காரரின் கை ஆட்டம் பட்டென்று நின்றது. நிதானமாகக் கேமராவைத் தூக்கி ஒரே ஒரு படம் எடுத்தார். மூக்கில் வட்டமாகச் சுற்றும் விசிறி. அதற்குப் பின்னால் பல் தெரியச் சிரிக்கும் பைலட். அப்படி ஒரு துல்லியம்.

டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. பறந்ததையெல்லாம் கோட்டைவிட்டுத் தரையில் ஓடுவதைப் பிடித்திருக்கிறாரே என்று சொல்லப்போனவரைக் கூட்டாளிகள் கண்ணால் அடக்கினார்கள்.

பைலட் இறங்கி, தோல் தொப்பியைக் கழற்றினார். நரைத்த பின்னல் முதுகில் விழுந்தது. நேராக வேலிக்கு நடந்து வந்தார்.

“பத்திரமா இறங்கிட்டேங்க. இனிமே நிம்மதியா மூச்சு விடுங்க” என்றாள் கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி.

டாக்டர் திறந்த வாயை மூடவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் வேலிக்கு மேலாகக் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் அந்தக் கையை விடாமல், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

“அடுத்த வருஷம் இதை நம்ம பொண்ணு ஓட்டப்போறா. முன்னாடியே சொன்னா தூங்கமாட்டீங்கன்னுதான் சொல்லல.”