ஈறுக்கு ஒரு பரீட்சை

"ரெண்டு, மூணு, ரெண்டு..." மெல்லிய கம்பியால் ஈறோரமாகத் தொட்டுத் தொட்டு டாக்டர் சொல்ல, நர்ஸ் எழுதிக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற கணக்கு வாத்தியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தினம் ரெண்டு வேளை பல் தேய்க்கும் மனைவிக்கு இவ்வளவுதானா மார்க்? யார் ஈறு மோசமோ, அவர் ஒரு மாசம் பாத்திரம் கழுவணும் என்று வீட்டிலேயே பந்தயம்.

அடுத்து அவர் வாயைத் திறந்தார்.

"ஆறு, ஏழு, ஆறு..."

கம்பி வெளியே வந்ததும் துள்ளி எழுந்தார். "பாத்தியா? ஒரு வேளை தேய்ச்சதுக்கே ஏழு! அடுத்த தடவையாவது நல்லாப் படிச்சுட்டு வா!"

மனைவியின் முகம் தொங்கிப்போனது. "எனக்கு ஒரு நாலுகூட வரலையே டாக்டர்?"

"வரவே கூடாதும்மா! பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல எத்தனை மில்லிமீட்டர் பள்ளம்னு அளந்தேன். மூணு வரைக்கும் பாஸ். உங்க ஈறு பல்லைக் கெட்டியாப் பிடிச்சிருக்கு. சாருக்குத்தான் பிடி விட்டுப்போச்சு."

மனைவி சிரித்த சிரிப்பில் நர்ஸின் பேனா கீழே விழுந்தது.

முப்பது வருஷத்தில் எந்தப் பையனுக்கும் அரை மார்க்கூடக் கூட்டிப் போடாத வாத்தியார், டாக்டரின் காதோரம் குனிந்தார்.

"ஒரு நாலு மார்க் குறைச்சுப் போடக் கூடாதா?"