காலையில் பார்ட் வந்துவிடும்

"என்னங்க, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? அங்க பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சாம்!"

பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தவர் ஸ்பானரால் எதையோ இரண்டு தட்டுத் தட்டினார். மனைவிக்கு முகத்தைக் காட்டாமல் பேச அந்த இடம் வசதியாக இருந்தது.

"மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன்மா. இப்ப வந்துடுவாங்க."

"ஆமா, மெக்கானிக் வர்றேன்னு சொன்னா வந்த மாதிரிதான்."

வீடு போலவே இருக்கும் வண்டி அது. உள்ளே இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, துணி அலமாரி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. ஆசை ஆசையாக அதை வாங்கி, ஊர் சுற்றலாம் வா என்று மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பியவர் அவர்தான். மகளின் பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டவரும் அவர்தான். குழந்தைக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. செய்தி கேட்டு, அலறியடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பினால், பாதி வழியில் அது மூச்சை விட்டுவிட்டது.

"நாள் நெருங்கற நேரத்துல யாராவது ஊர் சுத்தப் போவாங்களா? படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டீங்களா?"

"தப்புதான்மா."

"தப்புதான்னு சொன்னா ஆச்சா? அவ சரியான பயந்தாங்கொள்ளி. ஊசி போடணும்னாலே என் கையைப் பிடிச்சுக்குவா. இப்ப யார் கையைப் பிடிச்சுட்டு இருக்காளோ..."

அவர் தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டுக்கொண்டார். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"ஒரு போன் போட்டுத்தான் பாருங்களேன்."

"சிக்னல் கிடைக்கலை."

"அப்ப வர்ற வண்டி எதையாவது கையைக் காட்டி நிறுத்துங்க. நான் மட்டுமாவது போய்ச் சேர்றேன்."

"இந்தப் பக்கம் ஒரு வண்டியும் வரலையேம்மா."

அவள் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து மடியில் இருந்த பையைத் திறந்தாள். தானே தைத்த குட்டிக் குட்டிச் சட்டைகள். ஒவ்வொன்றாக எடுத்து உதறி, மடித்து, மறுபடி உள்ளே வைத்தாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் மெக்கானிக் வந்து சேர்ந்தாள். நீல மேல்சட்டை, தோளில் கருவிப் பை, கன்னத்தில் கிரீஸ். சின்னப் பெண்தான்.

"என்ன சார் ஆச்சு?"

அவர் பதில் சொல்வதற்குள் மனைவி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அட, பொண்ணா! நல்லதாப் போச்சு. இந்த மனுஷனை நம்பி நாள் பூரா உட்கார்ந்திருக்கேன். நீயாவது கிளப்பிக் கொடு கண்ணு. என் மகளுக்கு இன்னிக்குக் குழந்தை பிறக்கப் போகுது."

பையைத் திறந்துகொண்டிருந்த மெக்கானிக்கின் கை அப்படியே நின்றது. பிறகு, "பார்க்கறேன்மா" என்றாள்.

பார்த்தாள். குனிந்தும் நிமிர்ந்தும் வெகுநேரம் பார்த்தாள். அவரைச் சாவியைத் திருப்பச் சொன்னாள். வண்டி முனகக்கூட இல்லை.

"டீசல் பம்ப் போயிடுச்சு சார். புதுசுதான் போடணும். காலையிலதான் பார்ட் வரும்."

"காலையிலயா?" மனைவியின் குரல் உடைந்தது. "அதுவரைக்கும் அவ தாங்குவாளா?"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முதல் பிரசவம் நேரமாகும்மா. நீங்க ஒரு தூக்கம் போட்டு எழுந்திருங்க. விடிஞ்சதும் கிளம்பிடலாம்."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவள் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள். கைக்குட்டையால் கன்னத்துக் கிரீஸைத் துடைத்துவிட்டாள்.

"உனக்கு அம்மா இருக்காங்களா?"

"இல்லைம்மா. நான் பார்த்ததே இல்லை."

"அடப் பாவமே! அம்மா இல்லாத பொண்ணுக்குப் பிரசவ நேரம் ரொம்பக் கஷ்டம். உனக்கு அந்த நாள் வந்தா எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. நான் ஓடி வந்துடறேன்."

மெக்கானிக் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவர் மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தார். சட்டைப் பையை அணைத்துக்கொண்டே மனைவி கண்ணை மூடினாள். அவர் போர்வையை இழுத்துவிட்டார். இருவரும் ஓசைப்படாமல் இறங்கினார்கள்.

"எத்தனை தவிப்பு! நடந்ததைச் சொல்லிடலாமா?" மெக்கானிக் மெதுவாகக் கேட்டாள்.

"வேண்டாம். ஒரு தடவை சொல்லிட்டு நான் பட்டது போதும். அப்பதான் நடந்த மாதிரி தரையில விழுந்து புரண்டா. இன்னொரு தடவை அதை என்னால பார்க்க முடியாது."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். டயர்களைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்த புல்லை விலக்கிக்கொண்டு இருவரும் நடந்தார்கள். வீட்டின் பின்வாசலுக்கு வந்ததும் அவள் நீலச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"என்னைப் பெத்துப் போட்டுட்டு அம்மா போய் இருபது வருஷம் ஆச்சு, பாட்டி இன்னும் பாதி வழியிலேயே நிக்கறாங்க" என்றவள், அவர் கண்ணைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்: "சரி, நாளைக்கு வண்டியில எது கெட்டுப்போச்சுன்னு சொல்லலாம், தாத்தா?"