இறுக்கிய வாய்

"வெடிமருந்து போடாம தோட்டா செஞ்சு தர முடியுமா, லீலாண்ட்?"

கேட்டுவிட்டு டெல்மா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த மொன்டானா மலையடிவாரத்தில் பாதிப் பேர் வேட்டைக்குப் போவது லீலாண்ட் கையால் நிரப்பிய தோட்டாக்களோடுதான். அவரிடம் போய் இப்படிக் கேட்க அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"யாருக்கும்மா?"

"எங்க வீட்டுக்காரருக்குத்தான். பனி விழுந்திடுச்சு, ஞாயித்துக்கிழமை மான் வேட்டைக்குக் கிளம்புறார். போன வருஷம் பக்கத்துப் பண்ணைக் குதிரையை மான்னு நெனச்சு சுட்டாரே, மறந்துட்டீங்களா? குதிரைக்கு அந்தப் பக்கம் ஆள் நின்னுட்டிருந்தான். அவன் ஆயுசு கெட்டி, தப்பிச்சான்."

"துப்பாக்கியை எடுத்துப் பூட்டி வையேன்."

"அவங்க அப்பா துப்பாக்கி. அதைப் பிடுங்கினா மனுஷன் படுத்துடுவார். இப்பவே சில நேரம் என் பேரு மறந்து போகுது அவருக்கு. காட்டுல ஒரு நடை நடந்துட்டு, தோட்டா நமத்துப் போச்சுன்னு உங்களைத் திட்டிக்கிட்டே வரட்டும். எனக்கு அது போதும்."

"அவனவன் கேட்டதைத்தான் நிரப்பிக் கொடுப்பேன். கேக்காததை ஒருத்தன் துப்பாக்கிக்கும் நான் கொடுத்ததில்லை. உன் வீட்டுக்காரன் ஓரினுக்கு இது தெரியுமா?"

"தெரிஞ்சா உசுரை விட்டுடுவார். நீங்க மூச்சு விடக் கூடாது."

ஏதோ சொல்ல வாயெடுத்த லீலாண்ட், அதை விழுங்கிவிட்டு மேஜை மேலிருந்த கோதுமை ரவை டப்பாவைத் திறந்தார்.

"ரவையா?"

"குலுக்கிப் பார்ப்பான். உள்ள சத்தம் வேணுமே."

அடியில் பொறி தட்டாத கேப் பொருத்திய பித்தளைக் கூட்டில் ரவையைக் கொட்டி, மேலே ஈயக் குண்டை வைத்து, அச்சில் கொடுத்துக் கைப்பிடியை இறக்கினார். கூட்டின் வாய் உட்பக்கமாக மடிந்து, குண்டைச் சுற்றியிருந்த பள்ளத்தைக் கவ்வியது. நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, மறுபடி ஓர் அழுத்து அழுத்தினார்.

"பொய்த் தோட்டாவுக்கு எதுக்கு இத்தனை இறுக்கம்?"

"இதுக்குத்தாம்மா ரொம்ப வேணும். துப்பாக்கிக்கு அடியில இருக்கிற தோட்டாக் குழாய்க்குள்ள ஒண்ணு பின்னால ஒண்ணா நிக்கும், ஸ்பிரிங் நெட்டித் தள்ளும். வாய் இறுகலைன்னா குண்டு உள்ள போயிடும், குட்டு வெளிப்பட்டுடும்."

கடைசியாக ஒவ்வொன்றின் அடிவிளிம்பிலும் அரத்தால் ஒரு கீறல் போட்டார்.

"பொய்த் தோட்டாவுக்கு மட்டும்தான் இந்த அடையாளம். நல்லதோட கலந்துட்டா வம்பு."

டெல்மா வீட்டுக்கு வந்தபோது ஜன்னலுக்கு வெளியே, கொட்டிலில், ஓரின் மாடுகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். இதுதான் சமயம் என்று துப்பாக்கியை எடுத்து, அதன் விசைக்குக் கீழிருந்த நெம்புகோலைத் தள்ளித் தள்ளி இழுத்தாள். குழாயில் நிரம்பியிருந்த தோட்டாக்கள் ஒவ்வொன்றாகக் கட்டில்மேல் விழுந்தன. அவற்றை வாரிப் பைக்குள் போடப் போனவளின் கை அப்படியே நின்றது.

எல்லாவற்றின் அடிவிளிம்பிலும் அரத்தால் போட்ட அதே கீறல்.

சத்தம் கேட்டு வெளியிலிருந்து ஓரினின் குரல் அதட்டலாக வந்தது.

"ஏய் டெல்மா, பாத்துத் தொடு! லீலாண்ட் பக்கத்துலயே நின்னு, நானே சொல்லிச் சொல்லி நிரப்ப வச்சது. ஒவ்வொண்ணும் ஒரு மான்!"