இன்னொரு பொத்தான்

நாளை காலை அறுவை சிகிச்சையில் வடிவின் குரல்வளையை எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு பேச்சு வராது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, அவள் கணவன் ஞானசேகர் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் கணினி முன்னால்தான். இலவசமாகக் கிடைத்த படம் திருத்தும் மென்பொருளில் பொத்தான்களை வரைந்து ஒரு வலைப்பக்கத்தில் அடுக்கினான். அழுத்தினால் அவள் குரலே பேசும். 'தண்ணி', 'வலிக்குது', 'ஃபேனைப் போடுங்க' எல்லாம் பதிவு செய்தாயிற்று. ஒவ்வொரு பொத்தானின் மேல்பாதியிலும் வெள்ளையை மெல்லக் கரையவிட்டு, கண்ணாடிபோல மினுங்க வைத்திருந்தான்.

"எதுக்குங்க இவ்வளவு பளபளப்பு? ஜெல்லி மிட்டாய் மாதிரி இருக்கு" என்றாள் வடிவு, கரகரத்த குரலில்.

"உனக்குத் தொடணும்னு ஆசை வரணும்ல?"

அவள் திரையையே பார்த்தாள். "எல்லாம் நான் ஏதாவது கேக்கறதாவே இருக்கு. நீங்க ஆபீஸ் கதை பேசறப்ப நான் 'ம்' கொட்ட வேணாமா?"

மவுஸில் அவன் கை நின்றுவிட்டது. பிறகு இன்னொரு பொத்தானை வரைந்தான். நீல நிறம். மைக்கை அவள் பக்கம் நகர்த்தினான்.

"சும்மா எப்படிங்க 'ம்' வரும்? ஏதாவது சொல்லுங்க."

பதிவை ஓடவிட்டு, போன வாரம் பஸ்ஸில் ஒருவர் குடையை மறந்துவிட்டு இறங்கியதைச் சொன்னான்.

"ம்" என்றாள்.

அந்த ஒன்றே போதும். ஆனாலும் அவர் பின்னால் குடையோடு ஓடிய கண்டக்டரைப் பற்றிச் சொன்னான். பிறகு அன்று பெய்த மழையைப் பற்றி. அப்புறம் வாயில் வந்ததையெல்லாம். சொல்ல எதுவும் இல்லாமல் ஓரிடத்தில் குரல் தடுமாறி நின்றபோது, அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"ம்... அப்புறம்?"