கடலா, மலையா?

“இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க. அவர் மோதிரம் போடும்போது கண்ணைப் பாத்து வெக்கப்படுங்க” என்றார் போட்டோகிராபர்.

அவள் வெட்கப்பட்டாள். பக்கத்தில் நின்றவன் மோதிரத்தைப் போட்டுவிட்டு உருகி உருகிப் பார்த்தான். கிளிக் சத்தம் நின்றதும் கோட்டைக் கழற்றி ஹேங்கரில் மாட்டி, “அடுத்த பார்ட்டி காத்திருக்காங்கண்ணே, வர்றேன்” என்று கிளம்பிவிட்டான்.

அவன் மாப்பிள்ளையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஆள், மோதிரம், பூங்கொத்து எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்துக்கு வாடகைக்குக் கிடைக்கிற ஸ்டூடியோ அது. எதற்கு என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

கேட்காவிட்டால் என்ன, அவளே சொன்னாள். வயிற்றெரிச்சல் வாயைச் சும்மா விடுமா?

“நாலு வருஷம் பழகினவன். ஒரு சின்னச் சண்டை. அவன் பேசட்டும்னு நான், நான் பேசட்டும்னு அவன். அதுக்குள்ள எவளோ ஒருத்தியோட மோதிரம் மாத்தி போட்டோ போட்டுட்டான் படுபாவி! அன்னையிலருந்து எனக்குத் தூக்கம் இல்ல. இன்னிக்கு அவன் வயிறு எரியணும்.”

“கொஞ்சம் திரும்புங்கக்கா, தனியா ஒரு படம் பாக்கி இருக்கு” என்று மேக்கப் பெண் அவள் மூக்கில் பவுடரை ஒற்றினாள். பவுடர் ஒத்துக்காது என்று அந்தப் பெண் வந்ததிலிருந்தே மாஸ்க் போட்டிருந்தாள்.

“இவதாம்மா அந்த மகாராணி, பாரு!” அவள் போனை நீட்டினாள். பின்னால் பனிமலை, முன்னால் அவன், அவன் தோளில் சாய்ந்து ஒருத்தி. அவள் தாடையில் ஒரு மச்சம். அந்த மச்சத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தே இவள் கண் கெட்டுப்போயிருந்தது.

மேக்கப் பெண் எட்டிப் பார்த்தாள். “லிப்ஸ்டிக் கொஞ்சம் தூக்கல்தான்” என்று சொல்லிவிட்டு பிரஷ்ஷைத் துடைக்கப் போனாள்.

தனிப் படமும் முடிந்தது. அவள் பின்னால் இருந்ததென்னவோ வெறும் பச்சைத் துணிதான்.

“பின்னாடி என்ன வைக்கட்டும்? கடலா, மலையா?” கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபடி கேட்டார் போட்டோகிராபர்.

“அவன் மலைன்னா நான் கடல். நல்லா அலையடிக்கிற கடலா வைங்க.”

படம் போனுக்கு வந்தது. ‘என் உயிரே, என் உலகமே’ என்று எழுதி, இதயங்களை அள்ளிக் கொட்டி ஸ்டேட்டஸில் போட்டாள். அந்த உயிர் இந்நேரம் அடுத்த பார்ட்டிக்கு மோதிரம் போட்டுக்கொண்டிருக்கும்.

முதலில் பார்த்தவனே அந்தப் பனிமலைக்காரன்தான்.

“பாத்துட்டான்! எரியட்டும், நல்லா எரியட்டும்!” வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் ஓடியிருப்பாளே, அந்தப் பாவி கூப்பிடவில்லையே.

ஸ்டூடியோ போன் அடித்தது. “சொல்லுங்க சார்... நாளைக்கேவா? அப்படி என்ன சார் அவசரம்? இருங்க, கேட்டுச் சொல்றேன்” என்று திரும்பினார் போட்டோகிராபர்.

வேலை முடிந்த மேக்கப் பெண் மாஸ்க்கை இறக்கிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். தாடையில் ஒரு மச்சம்.

“ஏம்மா, அந்த மலை சாருக்கு நாளைக்குக் கல்யாணப் பொண்ணா நிக்கணுமாம், வர்றியா?”